முந்நூற்று எண்பத்தெட்டு

இரண்டு மின்னஞ்சல்களும் ஒரே நிமிடத்தில் வந்தன. வியாழக்கிழமை, பகல் பதினொன்று நாற்பது. இருபத்திரண்டாம் நம்பர் பஸ்ஸின் டிரைவர் வயிற்றுவலி என்று போனில் சொல்லிவிட்டு வீட்டிலேயே படுத்துவிட்டார். அவருடைய மூன்று ட்ரிப்புகளை யார் தலையில் கட்டுவது என்று, பென்சிலால் காதோரத்தைச் சொறிந்தபடி டூட்டி ஷீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள் டைம்கீப்பர். டெப்போவில் அவளுக்கு அதுதான் பெயர். அவளைவிட இருபது வயது மூத்த டிரைவர்கள்கூட "டைம்கீப்பரம்மா" என்றுதான் கூப்பிடுவார்கள். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் இரண்டு கண்டக்டர்கள் டீயும் கையுமாக ஒரு பழைய சண்டையை மறுபடி ஆரம்பித்திருந்தார்கள். மேசைமேல் போன் ஒருமுறை அதிர்ந்து நின்று, மறுபடி அதிர்ந்தது. கல்லூரித் தகுதித் தேர்வின் முடிவுகள். மேலே இருந்தது மகளுடையது, கீழே அவளுடையது. அவள் முதலில் திறந்தது தன்னுடையதை.

கை தவறிப் பட்டுவிட்டது என்று பிறகு தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். எடுபடவில்லை. விரல் மகளுடைய பெயரைத் தாண்டித்தானே கீழே போயிருக்கிறது. மொழி 297. கணக்கு 388. ஒவ்வொன்றும் நானூற்றுக்கு. மூன்றையும் எட்டையும் இன்னொரு எட்டையும் தனித்தனியாகப் பார்த்தாள். யாரோ தப்பாகத் தட்டச்சு செய்திருப்பார்கள் என்று தோன்றியது. கீழே சிறிய எழுத்தில், கணக்கில் நூறு பேரில் தொண்ணூற்றெட்டுப் பேரைவிட நீங்கள் அதிகம் பெற்றிருக்கிறீர்கள் என்று ஒரு வரி இருந்தது. கண்டக்டர்கள் சண்டையை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார்கள். "என்னம்மா, தனியாச் சிரிக்கிறீங்க?" என்றார் ஒருவர். அப்போதுதான் தான் சிரித்துக்கொண்டிருப்பது அவளுக்குத் தெரிந்தது. சட்டென்று வாயை மூடிக்கொண்டு மகளுடையதைத் திறந்தாள்.

மொழி 338. கணக்கு 226.

நான்கு மாதங்களுக்கு முன் எழுதிய முதல் தேர்வில் மகள் வாங்கியது மொழியில் 290, கணக்கில் 261. மொழி நாற்பத்தெட்டு ஏறியிருக்கிறது. கணக்கு முப்பத்தைந்து இறங்கியிருக்கிறது. ஏறியது புரிந்தது. இறங்கியதுதான் புரியவில்லை. முதல் தேர்வில் கணக்குத் தாளின் நடுவே மகள் கை மரத்துப்போய், மூச்சு முட்டி, எழுந்து கழிவறைக்கு ஓடி இருபது நிமிடம் உள்ளேயே உட்கார்ந்திருந்தாள். அப்படி அழுதுகொண்டே எழுதியதில் 261. அம்மா பின்னாலேயே உட்கார்ந்திருந்தபோது 226.

அம்மா தேர்வு எழுதப்போனதே அதற்காகத்தான். பள்ளியின் கவுன்சலர்தான் யோசனை சொன்னார். ஹாலில் தெரிந்த முகம் ஒன்று இருந்தால் பயம் குறையும், இந்தத் தேர்வுக்கு வயது வரம்பு கிடையாது, யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்றார். வீட்டில் இதைச் சொன்னபோது மகளே கைதட்டிச் சிரித்தாள். "நீ சும்மா வந்து உக்காந்திருந்தாப் போதும்மா. கட்டத்தை எல்லாம் கண்ணை மூடிட்டுக் கறுப்பாக்கு." ஒரே மின்னஞ்சல் முகவரியில் இரண்டு பேருக்கும் அடுத்தடுத்துப் பதிவு செய்தார்கள். எண்கள் அடுத்தடுத்து வந்தன. அதனால் மகளுக்கு நேர் பின்னால் அம்மாவுக்கு இடம் கிடைத்தது. முதல் ஒன்றரை மணி நேரம், மொழித் தாளில், மகள் சொன்னபடிதான் அம்மா நடந்துகொண்டாள். இரண்டு வரி படிப்பாள், ஒருமுறை மகளின் தோளைப் பார்ப்பாள். தோள் ஒரே சீராக மூச்சுவிட்டுக்கொண்டிருந்தது. அப்பாடா என்று அடுத்த இரண்டு வரி.

கணக்குத் தாளின் மூன்றாவது கேள்வி இரண்டு பஸ்களைப் பற்றியது. ஒரே நிறுத்தத்திலிருந்து ஒன்று பன்னிரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை, மற்றது பதினெட்டு நிமிடத்துக்கு ஒருமுறை. இரண்டும் மறுபடி ஒன்றாக எப்போது கிளம்பும்? அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இதற்குத்தானே அவளுக்குச் சம்பளம். முப்பத்தாறு என்று குறித்துவிட்டு அடுத்ததைப் பார்த்தாள். பிறகு அடுத்ததை. பன்னிரண்டாம் வகுப்போடு நின்றுபோனது எல்லாம் எங்கே ஒளிந்திருந்ததோ, ஒவ்வொன்றாக எழுந்து வந்தது. சிலவற்றுக்குச் சூத்திரம் தெரியவில்லை. தெரியாதவற்றை டூட்டி ஷீட் போடுவதுபோல் கட்டம் கட்டமாக வரைந்து, ஒத்துவராததை அடித்து, மிச்சம் நிற்பதைப் பிடித்தாள். கடைசிக்கு முந்தைய கேள்வியில் ஆறு வழிகள் இருப்பதாகத் தோன்றி, ஐந்து அடைபட்டு, ஒன்று மட்டும் திறந்தபோது முதுகில் சில்லென்று ஏதோ ஓடியது. மணி அடித்தபோது இதற்குள்ளாகவா என்று இருந்தது. தலை நிமிர்ந்தபோது மகள் ஏற்கனவே எழுந்து நின்று பையை மூடிக்கொண்டிருந்தாள். எப்படி எழுதினே என்று கேட்டதற்கு, "பரவால்ல" என்றாள். வீடு வரும்வரை அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. களைப்பு என்று அம்மா நினைத்துக்கொண்டாள்.

அவளைப் படிக்கவிடாமல் யாரும் தடுக்கவில்லை. அதைச் சொல்ல வேண்டும். அப்பா கொடுமைக்காரர் இல்லை, கட்டியவனும் இல்லை. பத்தொன்பது வயதில் டெப்போவில் டிக்கெட் கட்டுகளை எண்ணி அடுக்க இரண்டு மாத வேலைக்கு ஆள் கேட்டார்கள். கல்லூரி திறக்கும்வரை சும்மாதானே இருக்கிறோம் என்று போனாள். இரண்டு மாதம் ஆறு மாதமாயிற்று, நிரந்தரமாயிற்று, கல்யாணம், பாப்பா, பதவி உயர்வு, கண்ணாடித் தடுப்பு, சுழல் நாற்காலி. இருபத்துமூன்று வருடம். போகாதே என்று யாரும் சொல்லவில்லை. ஏன் போகவில்லை என்று யாரும் கேட்கவும் இல்லை.

அன்று மாலை வீட்டில் மூவரும் சாப்பிட உட்கார்ந்தபோது மகளின் முகம் சுருங்கிக் கிடந்தது. பள்ளியிலேயே கவுன்சலர் சொல்லித் தன் மதிப்பெண்ணைத் தெரிந்துகொண்டிருந்தாள். அவளுடைய அப்பா பல் மெக்கானிக். டாக்டர்கள் அளவெடுத்து அனுப்பும் அச்சுகளை வைத்துப் பல் செட்டுகள் செய்யும் கூடத்தில் வேலை. விரல் நகங்களில் எப்போதும் வெள்ளையாகச் சுண்ணமாவு ஒட்டியிருக்கும். வீட்டில் யார் முகம் சுருங்கினாலும் உடனே ஏதாவது சொல்லிச் சிரிக்கவைக்கப் பார்ப்பார். அன்றைக்கும் பார்த்தார்.

"ஏம்மா, உன்னோடது என்னாச்சு? நீயும்தானே போய் எழுதினே?"

மகளும் நிமிர்ந்து பார்த்தாள். அம்மா சாப்பாட்டைப் பிசைந்துகொண்டே, "நூத்திச் சொச்சம்" என்றாள்.

"ரெண்டும் சேர்த்தா?"

"ரெண்டும் சேர்த்துத்தான். கண்ணை மூடிட்டுக் கறுப்பாக்குனா வேற என்ன வரும்?"

மகள் சிரித்தாள். மூன்று வாரமாகக் கேட்காத சிரிப்பு. "அம்மா, அதுல பேரை எழுதினாலே நூறு குடுத்துருவாங்கம்மா!" அப்பாவும் சேர்ந்துகொண்டார். "வீட்டுக்கு ஒரு மக்கு வேணுமில்ல, இல்லாட்டி நான் தனியாப் போயிருவேன்." அம்மாவும் சிரித்தாள். ஒரு பொய்யில் மூன்று பேர் சிரிக்கிறார்கள் என்றால் அதில் என்ன பாவம் என்று அந்த நேரத்தில் தோன்றியது. ஆனால் கைகழுவும்போது மனதுக்குள் முந்நூற்று எண்பத்தெட்டு என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். வாயில் ஒரு மிட்டாயை ஒதுக்கி வைத்திருப்பதுபோல் இருந்தது.

மறுநாள், வெள்ளிக்கிழமை, மதியச் சாப்பாட்டு நேரத்தில் டெப்போக் கம்ப்யூட்டரில் மேட்டுக் காலேஜின் பக்கத்தைத் திறந்தாள். மகளுடைய பட்டியலில் மூன்று கல்லூரிகள் இருந்தன. வீட்டில் அவற்றைப் பெரிய காலேஜ், மேட்டுக் காலேஜ், பாலத்துக் காலேஜ் என்றுதான் சொல்லிக்கொள்வார்கள். மகளுக்குக் கட்டட வடிவமைப்புப் படிக்க வேண்டும், மேட்டுக் காலேஜில்தான் படிக்க வேண்டும். மகளுக்காகத்தான் அம்மா அந்தப் பக்கத்தைத் திறந்தாள், அது நிஜம். மதிப்பெண் அனுப்பும் விதிகளைப் படிக்கத்தான். படித்து முடித்தபின் ஓரத்தில் 'மாலை நேர வகுப்புகள்: வேலைக்குச் செல்வோருக்கு' என்று ஒரு வரி இருந்தது. கணிதம் இருந்தது. அந்த ஊரில் வேறெந்தக் கல்லூரியிலும் மாலை வகுப்பில் கணிதம் இல்லை, அதையும் தேடிப் பார்த்துவிட்டாள். விண்ணப்பத்தின் எல்லாக் கட்டங்களையும் நிரப்பினாள். தேர்வின் இணையதளத்துக்குள் போய் மதிப்பெண்ணை அனுப்பும் இடம் வந்ததும் நிறுத்தி, சேமித்து, மூடிவிட்டாள். சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலேயே வீட்டுக்குக் கொண்டுபோனாள். "சாப்பிடலையா?" என்று கேட்ட கணவரிடம், "வேலை" என்றாள். அதுவும் பாதி நிஜம்தான்.

ஞாயிறு மதியம் அம்மாவும் மகளும் சாப்பாட்டு மேசையைத் துடைத்துவிட்டுக் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். திங்கள் மாலை ஐந்து மணிக்குள் மதிப்பெண்களை அனுப்பிவிட வேண்டும். அம்மா ஒரு பழைய டூட்டி ஷீட்டின் பின்பக்கத்தில் கோடுபோட்டு எழுதினாள். முதல் தேர்வு 551. இரண்டாவது 564. பெரிய காலேஜில் ஏதாவது ஒரு தேர்வை மட்டும் அனுப்பினால் போதும். பாலத்துக் காலேஜில் இஷ்டப்பட்டால் அனுப்பலாம், இல்லாவிட்டால் விட்டுவிடலாம். மேட்டுக் காலேஜில்தான் சிக்கல். அனுப்புவதென்றால் எழுதிய எல்லாவற்றையும் அனுப்ப வேண்டும். அவர்கள் மொழியில் எது அதிகமோ அதையும், கணக்கில் எது அதிகமோ அதையும் எடுத்துக்கொள்வார்கள்.

"338ம் 261ம். 599 வருது, பாப்பா. நல்லா இருக்கே."

"முதல்ல எழுதினதை அனுப்ப மாட்டேன்."

"அதுலதான்டி கணக்கு அதிகம்."

"நான் பாதில எந்திரிச்சு ஓடினது அதுல தெரியும்."

"அதெல்லாம் தெரியாது. நம்பர் மட்டும்தான் போகும்."

"நம்பருக்குள்ள தெரியாதா?" என்றாள் மகள். அம்மா டூட்டி ஷீட்டில் எழுதியதை மறுபடி பார்த்தாள். பென்சிலைத் திருப்பித் திருப்பி வைத்தாள். ஒரு நம்பரைப் பார்த்து அதற்குள் என்ன நடந்திருக்கும் என்று சொல்கிறவள்தான் அவள். ஒரு பஸ் ஏழு நிமிடம் தாமதம் என்றால் எந்த நிறுத்தத்தில் யார் சில்லறைக்குச் சண்டைபோட்டிருப்பார் என்றுகூடச் சொல்லுவாள்.

"சரி, திறந்து பார்ப்போம். எப்படிக் காட்டுதுன்னு பார்த்துட்டு முடிவு பண்ணலாம்" என்று மகள் தேர்வின் இணையதளத்தில் பதிவு செய்திருந்த கணக்கின் உள்ளே போனாள். 'மதிப்பெண் அனுப்பு' என்ற பொத்தானை அழுத்தினாள். அந்த நொடியில்தான் அம்மாவுக்கு உறைத்தது. ஒரே மின்னஞ்சல். ஒரே கணக்கு. "இரு, இரு" என்று கையை நீட்டினாள். அதற்குள் பக்கம் திறந்துவிட்டது. 'யாருடைய மதிப்பெண்?' என்ற கேள்வியின் கீழே இரண்டு பெயர்கள். மகளின் பெயருக்கு எதிரில் இரண்டு தேர்வுகள். அம்மாவின் பெயருக்கு எதிரில் ஒன்று. மொழி 297, கணக்கு 388. அதற்கும் பக்கத்தில், 'மேட்டுக் காலேஜ், மாலை நேரக் கணிதம், நிலுவையில்'.

மகள் கத்துவாள் என்று அம்மா எதிர்பார்த்தாள். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் சுட்டியைக் கூட நகர்த்தவில்லை. திரையைப் பார்த்தபடியே, "நூத்திச் சொச்சம்" என்றாள்.

"பாப்பா..."

"நான் திரும்பிப் பார்த்தேன்மா."

"எப்போ?"

"கணக்கு எழுதுறப்போ. அஞ்சாவது கேள்வியில கை மரத்துப்போற மாதிரி இருந்துச்சு. உன் முகத்தைப் பார்த்தா சரியாயிரும்னு திரும்பினேன். நீ குனிஞ்சு எழுதிட்டு இருந்தே. சிரிச்சுக்கிட்டே எழுதிட்டு இருந்தே. சூப்பர்வைசர் வந்து டெஸ்க்கைத் தட்டி, முன்னாடி பாரும்மான்னு சத்தம் போட்டாரு. ஹாலே என்னைப் பார்த்துச்சு. நீ நிமிரவே இல்ல."

அம்மாவுக்கு அப்படி ஒரு சத்தம் கேட்டதாக நினைவே இல்லை. நினைவில் துழாவிப் பார்த்தாள். அந்த இடத்தில் பஸ்கள் இருந்தன, கட்டங்கள் இருந்தன, அடைபட்ட ஐந்து வழிகளும் திறந்த ஒரு வழியும் இருந்தன. டெஸ்க்கைத் தட்டிய சத்தம் இல்லை.

"நான் வேணும்னு..." என்று ஆரம்பித்தாள்.

"வேணும்னு செய்யலைன்னு தெரியும். அதான்." மகள் எழுந்தாள். நாற்காலியை மேசைக்குள் ஒழுங்காகத் தள்ளினாள். "நீ படி. எங்க வேணும்னாலும் படி. நான் போற இடத்துல வேணாம்மா. எனக்குன்னு ஒரு இடம் இருக்கட்டும். அங்கயும் வந்து நீ முன்னூத்தி எண்பத்தெட்டு எடுக்காதே." அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். தாழ் போடும் சத்தம் கேட்கவில்லை. அம்மா அதைக் கவனித்தாள். ஆனால் எழுந்து போகவில்லை.

சமையலறையில் கணவர் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தார். எத்தனையோ வருடமாகப் பல்லை ராவி ராவி வந்த பழக்கம், ஒவ்வொரு துண்டும் ஒரே நீளத்தில் இருக்கும். எல்லாம் கேட்டிருக்கும், சின்ன வீடுதான். அவள் வந்து சுவரில் சாய்ந்து நின்றாள்.

"எவ்வளவு?" என்றார், திரும்பாமல்.

"முன்னூத்தி எண்பத்தெட்டு."

"நானூறுக்கா?"

"ம்."

கத்தி நின்றது. "அடிப்பாவி" என்றார். கத்தியைக் கீழே வைத்துவிட்டு, "எழுதுறப்போ பிடிச்சிருந்துச்சா?" என்று கேட்டார்.

இதை மட்டும் அவர் கேட்காமல் இருந்திருக்கலாம். அவள் பதில் சொல்ல வாயைத் திறந்தாள். கண்ணில் நீர்தான் வந்தது. "இன்னும் வெங்காயத்தை நான் எடுக்கவே இல்லையேம்மா" என்றார் அவர். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அவரும் விட்டுவிட்டார். ஒரு கை பீன்ஸை அள்ளிப் பாத்திரத்தில் போட்டுவிட்டு, அவளுக்கு வலிக்கக் கூடாது என்பதுபோல் மெதுவாகச் சொன்னார்: "அடுத்த வருஷம் போடேன். அவ முதல்ல அங்க காலூன்றட்டும். காலேஜ் எங்கயும் ஓடிப்போயிடாது."

அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. பிரித்துப் பார்த்தால் ஒவ்வொரு வார்த்தையும் சரி. அடுத்த வருஷம் என்பதை அவள் எத்தனை முறை கேட்டிருக்கிறாள் என்று எண்ணிப் பார்த்தாள். மற்றவர்கள் சொல்லிக் கேட்டதைவிடத் தானே சொல்லிக்கொண்டதுதான் அதிகம். "பார்க்கலாம்" என்றாள். வெங்காயத்தை எடுத்து அவளே உரித்தாள்.

திங்கள் காலை மகள் பேசாமல் கிளம்பிப் போனாள். பேசாமல் என்றால் கோபமாக இல்லை. தண்ணீர் பாட்டிலை மறந்து, திரும்பி வந்து எடுத்துக்கொண்டு, "வரேன்" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். அதுதான் அம்மாவைப் படுத்தியது. டெப்போவில் அன்றைக்குப் பார்த்து எல்லாம் தலைகீழாக நடந்தது. ஒரு பஸ் நடுவழியில் நின்றுவிட்டது, இன்னொன்றுக்குக் கண்ணாடி உடைந்தது. அவள் பாட்டுக்கு ட்ரிப்புகளை மாற்றிப் போட்டுக்கொண்டே, அரை மணிக்கு ஒருமுறை தேர்வுக் கணக்கைத் திறந்து பார்த்தாள். மகள் எதையும் அனுப்பியிருக்கவில்லை. மதியம் ஒன்றரைக்கும் இல்லை. மூன்று மணிக்கும் இல்லை. போன் செய்யலாமென்றால் பள்ளியில் போன் கூடாது. கவுன்சலருக்குப் போட்டால் மணி அடித்து அடித்து நின்றது. இவள் அனுப்பாமலே விட்டுவிடுவாளோ, என்னைத் தண்டிப்பதாக நினைத்துத் தன்னைக் கெடுத்துக்கொள்வாளோ என்று ஓடியது மனசு. தானே மகளுடைய பெயரை அழுத்தி அனுப்பிவிடலாமா என்றுகூட ஒருமுறை தோன்றியது. எதை அனுப்புவது? 551ஐயா, 564ஐயா, இரண்டையுமா? கையை எடுத்துக்கொண்டாள்.

நாலு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம், டிரைவர்களின் வரிசையில், பள்ளிப் பையோடு மகள் நின்றுகொண்டிருந்தாள். எத்தனையோ வருடமாயிற்று அவள் டெப்போவுக்கு வந்து. சின்ன வயதில் இந்தச் சுழல் நாற்காலியில் சுற்றுவதற்காகவே வருவாள். அம்மா ஓடிப்போய்க் கதவைத் திறந்தாள்.

"வீட்டுல நெட் வேலை செய்யலை" என்றாள் மகள்.

பள்ளி விட்டு நேராக வந்தவளுக்கு வீட்டில் நெட் வேலை செய்யவில்லை என்று எப்படித் தெரியும் என்று அம்மா கேட்கவில்லை. "இங்க நல்லா வேலை செய்யுது, வா" என்றாள். சுழல் நாற்காலியை அவளுக்குக் கொடுத்துவிட்டு, டிக்கெட் கட்டுகள் வைக்கும் முக்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள். மகள் தன் பெயரை அழுத்தினாள். பெரிய காலேஜுக்கு இரண்டாவது தேர்வு மட்டும். அதில் தயங்கவில்லை. பாலத்துக் காலேஜுக்கு ஒன்றும் வேண்டாம் என்று விட்டாள். மேட்டுக் காலேஜ் வந்ததும் நிறுத்தினாள். 'எழுதிய அனைத்துத் தேர்வுகளையும் அனுப்பச் சம்மதிக்கிறேன்' என்ற வரிக்கு முன்னால் ஒரு சின்னக் கட்டம் காலியாக இருந்தது. வெளியே ஒரு பஸ் பின்னால் எடுத்துக்கொண்டிருந்தது. யாரோ அதன் முதுகில் தட்டி, "வரட்டும், வரட்டும்" என்று கத்திக்கொண்டிருந்தார்.

"ஒண்ணுல பாதில ஓடினேன். ஒண்ணுல அம்மாவைத் தேடினேன்" என்றாள் மகள். "ரெண்டும் நான்தானே?"

அம்மா ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். முக்காலியை இன்னும் கொஞ்சம் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டாள். மகள் அவளுக்காகக் காத்திருக்கவும் இல்லை. கட்டத்தில் குறியிட்டாள், அனுப்பினாள். 'வெற்றிகரமாக அனுப்பப்பட்டது' என்று பச்சையாக ஒரு வரி வந்து, பக்கம் மறுபடி பழைய இடத்துக்குத் திரும்பியது. 'யாருடைய மதிப்பெண்?' இரண்டு பெயர்கள். இருவரும் அதைப் பார்த்தார்கள். நாலு இருபத்தேழு.

மகள் பையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள். "வாசல்ல நிக்கறேன்" என்றாள். போடு என்றும் சொல்லவில்லை, போடாதே என்றும் சொல்லவில்லை. நேற்று சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை.

அம்மா முக்காலியிலிருந்து சுழல் நாற்காலிக்கு மாறினாள். கண்ணாடித் துளையில் ஒரு முகம் குனிந்தது. "டைம்கீப்பரம்மா, நாளைக்கு எனக்குக் காலையா மதியமா?" கேட்டவுடன் பதில் சொல்வதுதான் அவள் வழக்கம். ஷீட்டைப் பார்க்கக்கூட மாட்டாள். "ஒரு நிமிஷம் இருங்க" என்றாள். அந்த டிரைவர் ஆச்சரியத்தோடு நிமிர்ந்தார். அவருக்குப் பின்னால் இருந்தவர் எட்டிப் பார்த்தார். அவர்கள் இருவரையும் காக்கவைத்துவிட்டு அவள் திரையைப் பார்த்தாள். மகள் கேட்டது பெரிய விஷயம் இல்லை. ஒரு இடம், அவ்வளவுதான். மகளுக்கு இன்னும் இரண்டு கல்லூரிகள் இருக்கின்றன, ஆனால் அவள் ஆசைப்பட்டது இதற்குத்தான். அவளுக்கு மேட்டுக் காலேஜில் இடம் கிடைக்கும் என்று என்ன நிச்சயம்? கிடைக்காவிட்டால் அம்மாவுக்கு மட்டும் கிடைத்துத் தொலைக்கும், அது இன்னும் மோசம். இதையெல்லாம் கூட்டிக் கழித்துப் பார்த்தாள். எந்தப் பக்கம் கூட்டினாலும் வேண்டாம் என்றுதான் விடை வந்தது. விடை தெரிந்த பிறகும் கை சுட்டியை விட்டு வரவில்லை. அந்தத் தேர்வு ஹாலில் விழித்துக்கொண்ட நாற்பத்திரண்டு வயதுக்காரிக்கு இப்போது இவள் ஒரு சாவி கொடுத்தாக வேண்டும், இல்லையென்றால் இனி எந்தக் கணக்கும் அவளை எழுப்பாது என்று தோன்றியது. அது உண்மையா, இல்லை ஆசை கட்டிய வேஷமா என்று பிரித்துப் பார்க்க நேரம் இல்லை. தன் பெயரை அழுத்தினாள். அனுப்பினாள்.

"காலைல," என்றாள் டிரைவரிடம். "அஞ்சு இருபது. முதல் வண்டி."

ஐந்து மணிக்கு ஷீட்டுகளை மடித்துப் பூட்டிவிட்டு வெளியே வந்தபோது மகள் வாசல் தூணில் சாய்ந்து ஏதோ படித்துக்கொண்டிருந்தாள். இருவரும் பிரதான சாலைவரை நடந்தார்கள். அலுவலகங்கள் விடும் நேரம், நடைபாதையில் இருவர் ஒன்றாக நடக்க இடம் இல்லை. மகள் ஓரடி முன்னால், அம்மா ஓரடி பின்னால். கேட்டால் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்துக்கொண்டே வந்தாள். மகள் கேட்கவில்லை. சாலையோரம் வந்ததும் அம்மா நின்று, "பாப்பா, நானும் அனுப்பிட்டேன்" என்றாள்.

மகள் தலையை ஆட்டினாள். கேட்டது என்று ஆட்டினாளா, சரி என்று ஆட்டினாளா, தெரியவில்லை. பாதசாரிகளுக்கான விளக்கு பச்சையில்தான் இருந்தது. அவள் இறங்கி, கூட்டத்தோடு கூட்டமாக, விறுவிறுவென்று நடந்துவிட்டாள். அம்மா சுதாரித்துக் காலை எடுத்து வைப்பதற்குள் விளக்கு சிவப்பாகிவிட்டது. வண்டிகள் உறுமிக்கொண்டு கிளம்பின. ஒரு நீளமான லாரி வந்து எதிர்ப்பக்கத்தை மறைத்தது. அது நகர்ந்தபோது, மகள் போய்விட்டிருப்பாள் என்று அம்மா நினைத்த இடத்தில், சாலையின் அந்தக் கரையில் அவள் நின்றுகொண்டிருந்தாள். அம்மாவைப் பார்க்கவில்லை. அவிழ்ந்திருந்த ஷூ லேஸைப் பார்த்துக்கொண்டு, ஆனால் குனிந்து கட்டாமல், நின்றுகொண்டிருந்தாள். விளக்கின் கீழே சிவப்பு எண்கள் எழுபத்திரண்டிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தன. எழுபத்தொன்று, எழுபது. அம்மா நடைபாதையின் விளிம்பில் நின்று அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.